எடை என்றால் எந்த எடை? – ஏஐ முகவர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஏஐ முகவர் பயன்படுத்துவதற்காகச் சங்கம் வாங்கப்போகும் மென்பொருள் கருவிக்கு எண்பது பக்க ஆவணம் இருக்கிறது. தரமானது என்று நம்பலாமா?
– கூட்டுறவுச் சங்கச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: பக்கத்தை எண்ணித் தரம் பார்க்காதீர்கள் ஐயா. அந்த ஆவணத்தை மட்டும் முகவரிடம் (கருவிகளை எடுத்துத் தானே வேலை செய்யும் ஏஐயிடம்) கொடுத்து, சங்கத்தில் அன்றாடம் நடக்கும் இருபது வேலைகளைச் செய்யச் சொல்லுங்கள். பிறகு அது செய்ததெல்லாம் இருக்கும் பதிவைத் திறந்து, எந்தக் கருவியை எடுத்தது, எந்த உள்ளீட்டை ஊகித்து நிரப்பியது என்று பாருங்கள். ஊகித்த இடமெல்லாம் ஆவணத்தில் ஓட்டை. ஒரே வேலையை நாலைந்து தடவை கொடுங்கள். ஒரு தடவை சரியாக வந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கேள்வி: ஆவணம் மோசமாக இருந்தாலும் சமாளிக்கும் ஏஐ மாதிரி (முகவருக்கு மூளையாக இருக்கும் மாடல்) எது?
– தட்டச்சு நிலைய உரிமையாளர்

பதில்: எதுவும் இல்லை. விலை கூடிய மாதிரியும் தப்பான எண்ணை நம்பிக்கையோடு நிரப்பக்கூடும்.

கேள்வி: செம்பனைக் குலைக் கணக்கை முகவரிடம் விட்டோம். ஒரு லாரியில் எட்டாயிரம் டன் ஏற்றியதாக மாதக் கணக்கில் வந்திருக்கிறது. இவ்வளவு முட்டாளா இது?
– தோட்டக் கிராணி

பதில்: முகவரைத் திட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய கருவி விளக்கத்தைப் படித்தேன். 'எடை: எண்' என்று இருக்கிறது. அவ்வளவுதான்! கிலோவா, டன்னா? லாரியோடு சேர்த்தா, வெற்று லாரியைக் கழித்த பிறகா? எடை மேடையில் புதிதாக நிற்கும் பையனுக்குச் சந்தேகம் வந்தால் மேற்பார்க்கும் மண்டோரைக் கேட்பான். முகவர் யாரைக் கேட்கும்? பழைய கணக்கேட்டையும் அதனிடம் கொடுத்தால் பிக்குள் என்ற பழைய எடை அளவு வேறு வந்து சேரும்; அது சுமார் 60 கிலோ என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

இதே விளக்கத்தில் 'அடையாள அட்டை: எண்' என்றும் இருக்கிறது. மலேசிய அட்டைக்குப் பன்னிரண்டு இலக்கம்தான், ஆனாலும் அதை எண்ணாக அறிவிக்கக் கூடாது, எழுத்துச் சரமாக (அப்படியே வைத்துக்கொள்ளும் எழுத்து வரிசையாக) அறிவிக்க வேண்டும். அட்டை எண் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்குகிறது. 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் பூஜ்யம் நிற்கும். எண்ணாக அனுப்பினால் அந்தப் பூஜ்யம் போய்விடும். நடுவில் கோடு வேண்டுமா, வேண்டாமா என்பதையும் சொல்லவில்லை. தேதிக்கும் இதே கதிதான்: 03/04 என்பது நமக்கு ஏப்ரல், அமெரிக்காவில் எழுதிய கருவிக்கு மார்ச். பெயருக்கு 'முதல் பெயர், குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம். நம் பெயர்களின் நடுவில் நிற்கும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) எந்தக் கட்டத்தில் போகும்? சாய்கோட்டை ஏற்குமா? எழுதியவருக்கு அந்த நினைப்பே வந்ததில்லை.

அலகு, வடிவம், ஓர் எடுத்துக்காட்டு. உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்றும் வேண்டும். இந்தப் பகுதியில் எத்தனை தடவை எழுதிவிட்டேன்! இவை இல்லாத ஆவணத்துக்கு நான் மதிப்பெண்ணே போடுவதில்லை.

கேள்வி: பிழைச் செய்தியையும் ஆவணமாகக் கணக்கில் எடுக்க வேண்டுமா?
– கணினி ஆசிரியை

பதில்: கட்டாயம் எடுக்க வேண்டும். 'பிழை 400' என்று மட்டும் வந்தால் முகவர் அதே அழைப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பிக் காசைக் கரைக்கும். 'தேதி 2025-04-03 வடிவில் வேண்டும்' என்று வந்தால் பெரும்பாலும் அடுத்த தடவையே திருத்திக்கொள்ளும்.

கேள்வி: நாற்பது கருவிகளை இணைத்தேன். முகவர் குழம்புகிறது. ஏன்?
– கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, விளக்கங்களை அனுப்பாமல் ஏன் என்று கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? பொதுவாகச் சொல்கிறேன்: 'தேடு', 'கண்டுபிடி', 'எடு' என்று மூன்று கருவிகள் இருந்து, எதை எப்போது பயன்படுத்தக் கூடாது என்று எழுதாமல் இருந்தால் இப்படித்தான் நடக்கும். போதாததற்கு, இணைத்து வைத்த விளக்கங்கள் எல்லாம் வழக்கமாக ஒவ்வொரு சுற்றிலும் மாதிரி ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய இடத்தை அடைத்துக்கொள்ளும். முப்பதைக் கழற்றிவிட்டு, மீதிப் பத்தின் விளக்கத்தை மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: இலவச எம்சிபி (முகவரோடு கருவிகளை இணைக்கும் நெறிமுறை) சர்வர் ஒன்றின் ஆவணம் மிக அழகாக இருக்கிறது. 'படிக்க மட்டும்' என்றும் போட்டிருக்கிறார்கள். சங்கக் கணக்கோடு இணைக்கலாமா?
– சங்கக் கணக்காளர்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட அந்த எம்சிபி நெறிமுறையில், கருவி படிக்க மட்டுமா, எதையாவது அழிக்குமா என்று குறிக்க இடம் உண்டு. ஆனால் அது வெறும் குறிப்பு. நம்பகமில்லாத சர்வரிலிருந்து வந்தால் அதை நம்பாதே என்று நெறிமுறையே சொல்கிறது. கருவி விளக்கத்துக்குள் முகவருக்கு மறைமுகக் கட்டளையைப் புதைக்கவும் முடியும். விளக்கத்தைக் கடைசி எழுத்துவரை படியுங்கள்; அது புதுப்பிக்கப்படும் போதெல்லாம் மறுபடி படியுங்கள். பணம் நகரும் கணக்கை இப்போதைக்கு இணைக்காதீர்கள்.

கேள்வி: விளக்கங்களைத் தமிழில் எழுதலாமா?
– சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: எழுதலாம். பெரும்பாலான மாதிரிகளில் அதே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் கூடுதல் டோக்கன் (மாதிரி உரையைப் பிரித்து எண்ணும் துண்டு) தின்னும், செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மொழியானாலும் அலகை எழுதுங்கள்.

கேள்வி: ஆவணத்தை ஏஐயையே எழுத வைத்தால் என்ன?
– அதே கல்லூரி மாணவர்

பதில்: வரைவுக்குச் சரி. நிரலில் இருப்பதை அது எழுதிவிடும். உங்கள் ஊர் ஆலை எடையைக் கிலோவில் தருகிறது என்பது நிரலில் இருக்காது; அதை நீங்கள்தான் எழுத வேண்டும். அடுத்த கடிதத்தில் அந்த நாற்பது விளக்கங்களையும் அனுப்புங்கள்.