வெயில் காலத்துக்கு ஏற்ற, மணம் மிகுந்த வெள்ளை ஒயின் எது?

அர்ஜென்டினாவின் டொரொன்டெஸ் என்பேன். மூக்கருகே கொண்டுபோனால் மல்லிகை, ரோஜா, ஆரஞ்சுத் தோல் என்று வாசனை அள்ளும்; தித்திக்கப் போகிறது என்றே நினைப்பீர்கள். குடித்தால் பெரும்பாலும் இனிப்பே இருக்காது. அந்த ஏமாற்றுதான் எனக்குப் பிடித்தது. மணத்துக்குக் காரணம் திராட்சையிலுள்ள லினலூல் போன்ற டெர்பீன்கள் என்னும் மணப்பொருள்கள். மல்லிகைப் பூவிலும் லினலூல் உண்டு. மஸ்கட் என்ற மணமிக்க திராட்சை வகையின் வாரிசாயிற்றே, மணக்காமல் என்ன செய்யும்?

சால்டா மாகாணத்தின் கஃபயாத்தே பகுதிப் புட்டிகளைத் தேடுங்கள். ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம். பகல் வெயில் பழத்தைக் கனியவைக்கும், இரவுக் குளிர் புளிப்பைக் காக்கும். 8 முதல் 10 டிகிரி செல்சியஸில் பரிமாறுங்கள். அதற்கும் கீழே போனால் மணம் அடங்கிவிடும். சூடேறினால் லேசான கசப்பு தலைதூக்கும். ஐஸ் கட்டி வேண்டாம். அண்மை ஆண்டுப் புட்டியாக வாங்குங்கள். பல ஆண்டுகள் வைத்திருந்தால் மணம் போய்விடும்.