கைடில் கிடைக்கும் சிந்தனை

கேள்வி: பாடத்தின் கடைசியில் வரும் உயர் சிந்தனை வினாக்களைக் கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முழிக்கிறார்கள். இதற்கென நடந்த பயிற்சிக்கும் போய்வந்தேன். இந்தத் தலைமுறைக்கு யோசிக்கும் பழக்கமே போய்விட்டதா?
- அறிவியல் ஆசிரியை, காரைக்குடி

பதில்: முழிக்கிறார்களா? நல்ல சேதி. இன்னும் கைடு வாங்கவில்லை போலிருக்கிறது. அந்த வினாக்களுக்கும் அதில் விடை இருக்கிறது. உருப்போட்டுவிட்டால் அப்புறம் அதில் உயர்வும் இல்லை, சிந்தனையும் இல்லை.

பயிற்சியில் என்ன நடந்திருக்கும்? புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1956-ல் போட்ட சிந்தனைப் படிகளின் அடுக்கு, 2001-ல் மற்றவர்கள் அதைத் திருத்திய அடுக்கு என்று திரையில் ஓட்டியிருப்பார்கள். நீங்கள் நோட்டில் எழுதியிருப்பீர்கள். நடுவில் டீ, வடை. நாள் முழுக்க ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்திருந்தவர் மறுநாள் வகுப்பை வேறு எப்படி நடத்துவார்?

ஆத்தங்குடி உங்களுக்குப் பக்கம்தானே. கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி எடுக்கிற தரைக்கல்லைச் சூளையில் வைப்பதில்லை, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். ஏன் என்று கேளுங்கள். சிமென்ட் காய்ந்துதான் இறுகுகிறது என்று முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். திருத்தாதீர்கள். ஒரே கலவையில் இரண்டு வில்லை செய்யச் சொல்லுங்கள் (கரண்டியால் கிளறட்டும், ஈரச் சிமென்ட் கையை அரிக்கும்). மறுநாள் ஒன்றை வாளித் தண்ணீரிலும் மற்றதை வெயிலிலும் வைத்து, ஒரு வாரம் கழித்து ஆணியால் கீறிப் பார்க்கட்டும். தண்ணீரோடு வினைபுரிந்துதான் சிமென்ட் இறுகுகிறது என்பதை அந்தக் கீறலிலிருந்து அவர்களே பிடிப்பார்கள். "அப்படியானால் வெயிலில் வைத்ததும் ஓரளவு இறுகியதே, எப்படி?" என்று எவனாவது ஒருவன் மடக்கினால், அன்றைக்குப் பாடம் நடந்திருக்கிறது.

இன்னொன்று, கேள்வி கேட்ட கையோடு விடையையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி! அதை 3 நொடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் நிற்பது குறைந்தது.

போர்ஷன் முடிய வேண்டுமே என்பீர்கள். நியாயம்தான். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது, மாதம் ஒன்று போதும்.

அடுத்த பயிற்சியில் வடை வருவதற்கு முன் எழுந்து, ஆத்தங்குடிக் கல்லை ஏன் தண்ணீரில் போடுகிறார்கள் என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். அவருக்கும் 3 நொடி கொடுங்கள்.