கழற்றி மாட்டும் கத்திப் பிடி: கேள்வி பதில்

பட்டறையில் அடித்த கத்திக்கு மரப்பிடி போடுவது பற்றி வந்த கேள்விகள் இவை. அலகின் பின்னால் நீண்டு பிடிக்குள் மறையும் பகுதியை வால் என்றும், அந்த வால் தொடங்கும் அகன்ற இடத்தைத் தோள் என்றும் சொல்கிறேன். பிடியின் வாயைச் சுற்றிப் போடும் உலோக வளையம் பூண், பிடியையும் வாலையும் குறுக்கே கோத்துப் பிடிப்பது ஆணி. ஒட்டாமல், தேவைப்பட்டால் கழற்றும்படி மாட்டுவதுதான் பேச்சு.

திருவையாறு: வாழை இலை அறுக்கும் கத்திக்கு எந்த மரம் நல்லது? வீட்டுக் கொல்லையில் பூவரசு கிடக்கிறது.

பூவரசே போதும். வாய்க்கால் கரையில் கிடைப்பதில் பிடிக்கு இதைவிட ஒத்துவரும் மரம் குறைவு. இழை பின்னிக்கொண்டிருப்பதால் எளிதில் பிளக்காது, கைக்கும் வழவழப்பாக வரும். கருவேலம் இன்னும் கெட்டி. ஆனால் துவர்ப்பு அதிகம், ஈரம் பட்டால் இரும்போடு சேர்ந்து கருநீலக் கறை விடும். வேம்பு பரவாயில்லை. முருங்கை, இலவு பக்கம் போகாதீர்கள்.

பச்சை மரத்தில் மட்டும் துளை போடக் கூடாது. 35 மி.மீ. சதுரத்தில் 130 மி.மீ. நீளத் துண்டாக அறுத்து, இரண்டு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

கும்பகோணம்: கார்த்திகையில் மாட்டிய பிடி சித்திரையில் ஆடுகிறது. பூணும் கழன்று வருகிறது. ஆணி நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா.

நீங்கள் ஆணியைப் பார்க்கிறீர்கள். கோளாறு அங்கே இல்லை. மழையில் ஊறிய மரம் உப்புகிறது. வெளியே பூண் இறுக்கிப் பிடிக்கிறது, உள்ளே இரும்பு வால் நகர மறுக்கிறது. நடுவில் மாட்டிய நார் நசுங்கிவிடுகிறது. வெயிலில் காய்ந்து சுருங்கும்போது நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அதனால்தான் ஆட்டம். தளர்ந்ததும் கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் இதனால்தான் கெடுதல். அன்றைக்கு இறுகும், அடுத்த வாரம் முன்னைவிட மோசமாகும். பங்குனிக்குப் பிறகு மாட்டுங்கள், துளைக்குள் தேன்மெழுகை உருக்கி ஊற்றி ஈரத்தை அடையுங்கள்.

மன்னார்குடி: வால் துளைக்குள் சரியாக உட்காருவதே இல்லை. எங்கே பிடிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கழற்றும் பிடியில் முழு வித்தையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வால் 4 மி.மீ. கனம், தோளில் 12 மி.மீ. அகலம், முனையில் 8 மி.மீ., நீளம் 75 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிடியின் நீளம் 115 மி.மீ. பிடியின் முகத்தில், அதாவது தோள் வந்து உட்காரும் முனையில், 4 மி.மீ. பிட்டால் ஒரே வரிசையில் மூன்று துளைகள் போடுங்கள். நடு துளை 78 மி.மீ. ஆழம், ஓரத்துத் துளைகள் அதைவிடக் குறைவு. இடையில் நிற்கும் மரத்தை உடைந்த ஆக்சா பிளேடால் அறுத்து, ஒல்லியான அரத்தால் ராவுங்கள்.

பிறகு வாலை எரியும் எண்ணெய் விளக்கின் மேல் காட்டிக் கரி பிடிக்கவிட்டு, துளைக்குள் சொருகி நேராக உருவுங்கள். உள்ளே கருத்த புள்ளி தெரியும். அந்தப் புள்ளியை மட்டும் ராவுங்கள், வேறெங்கும் தொடாதீர்கள். மறுபடி கரி, மறுபடி சொருகல். பதினைந்து இருபது தடவை ஆகும், அலுத்துக்கொள்ளாதீர்கள். கையால் அழுத்தும்போது தோளுக்கும் பிடிக்கும் இடையே 5 மி.மீ. மிஞ்சினால் நிறுத்துங்கள். மீதியைத் தட்டித்தான் இறக்க வேண்டும்.

தட்டுவதற்கு ஒரு வழி: பிடியை ஒரு கையில் பிடித்து, அலகு கீழே தொங்க, பிடியின் பின்முனையில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டுங்கள். அலகு தன் கனத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும், பிடி கீழிறங்கி வாலை விழுங்கும். கோடாலிக் காம்பு போடுகிறவர்களுக்குத் தெரிந்த உத்திதான். கீழே கால் இருக்கக் கூடாது.

இன்னொன்று: தோளும் வாலும் சேரும் மூலை கூர்மையாக இருந்தால் கத்தி அங்கேதான் ஒடியும். வட்ட அரத்தால் அந்த மூலையை உருட்டிவிட்டு, பிடி முகத்தில் அதற்கு இடம் விடுங்கள்.

பாபநாசம்: மூங்கில் ஆணி எப்படி அடிப்பது? இரும்பு ஆணி ஆகாதா?

இரும்பு துருப்பிடித்து மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் என்ன கழற்றுவது? காய்ந்த கல்மூங்கிலில் 25 மி.மீ. துண்டு, ஒரு முனை 5 மி.மீ., மறுமுனை 4.5 மி.மீ. ஜப்பானிய வாள்களின் பிடியிலும் பெரும்பாலும் இப்படி ஒற்றை மூங்கில் ஆணிதான்.

பிடியின் முகத்திலிருந்து 30 மி.மீ. தள்ளித் துளை போடுங்கள். பிடியை முழுக்க இறக்கிய பின், அந்தத் துளை வழியாக வாலில் புள்ளி குறித்துக்கொண்டு, வாலில் துளையை அரை மி.மீ. அலகின் பக்கம் தள்ளிப் போடுங்கள். ஆணி இறங்க இறங்க வாலை உள்ளே இழுக்கும், தோள் பிடியின் முகத்தில் அழுந்தும். ஒரு மி.மீ. தள்ளினால் ஆணி முறியும்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியானால் வாலும் கெட்டியாகி, பிட் வழுக்கும். அலகை ஈரத் துணியில் சுற்றி, வாலை மட்டும் மங்கிய சிவப்பு வரை காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால் துளை ஏறும். கழற்ற, சின்ன முனைப் பக்கத்திலிருந்து ஆணியைத் தட்டுங்கள். பிறகு பிடி முகத்தில் மரக்கட்டை வைத்து அடித்தால் பிடி வந்துவிடும்.

தஞ்சாவூர்: வாலைப் பழுக்கக் காய்ச்சிச் சொருகினால் போதாதா? அல்லது அரக்கு?

காய்ச்சிச் சொருகினால் துளைச்சுவர் கரியாகிறது. கரி பொடிப்பொடியாக உதிரும். நிரந்தரமாக ஒட்டும் பிடியில் அதைச் சமாளிக்கலாம், கழற்றி மாட்டுவதில் நாலாவது தடவையே ஆடும். அரக்கும் செங்கல் பொடியும் நல்ல பழைய கலவை, சூடு காட்டினால் விட்டுவிடும். ஆனால் சுமார் 75 டிகிரியிலேயே இளகும். கொதிநீரில் கழுவும் சமையல் கத்திக்கு வேண்டாம்.

நாகப்பட்டினம்: மீன் வெட்டும் கத்தி. பித்தளைப் பூண் போட்டால் வால் சீக்கிரம் அரிக்கிறது.

உப்புத் தண்ணீரில் பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் கரையும். வாலும் பூணும் தொடாதபடி இடையே மரம் நிற்கட்டும், மெழுகு நிரப்புங்கள். வாரம் ஒருநாள் ஆணியைத் தட்டிக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து மறுபடி மாட்டுங்கள். கழற்றும் பிடியின் லாபம் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். வெளியே பூச ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

பட்டுக்கோட்டை: இளநீர் சீவ, மட்டை வெட்ட. மூங்கில் ஆணி தாங்குமா, அண்ணே?

தாங்காது தம்பி. வாலைப் பிடியின் பின்முனை வரை நீட்டி, கடைசி 25 மி.மீ.யை 6 மி.மீ. உருட்டுக்கம்பியாக்கி எம்6 மரை (6 மி.மீ. நட்டு ஏறும் திருகு) போடுங்கள். பிடியின் பின்னால் 12 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, அதில் தட்டை வாஷரும் நட்டும். வாஷர் இல்லாமல் முடுக்கினால் நட்டு மரத்தில் புதையும். மரம் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம், அதனால் நட்டு எளிதில் தளராது. முதல் வாரம் மட்டும் தினம் கால் சுற்று முடுக்கிப் பாருங்கள்.