அடியில் மண்டி நின்றால் பிளாங்கெட் கெட்டுவிட்டதா?

கேள்வி: பிரான்ஸில் கார்கசோன் போயிருந்தபோது ‘பிளாங்கெட் தெ லிமூ’ என்ற நுரைக்கும் ஒயின் சில பாட்டில்கள் வாங்கி வந்தோம். முதலில் திறந்தது இனிப்பே இல்லாமல் பச்சை ஆப்பிள் கடித்தது போல இருந்தது. அடுத்தது நன்றாக இனிக்கிறது, லேசான கலங்கல், அடியில் மாவு போல மண்டி. லேபிளில் இரண்டிலும் பிளாங்கெட் என்றுதான் இருக்கிறது. இரண்டாவது கெட்டுப்போனதா? மிச்சத்தை எப்படி வைத்திருப்பது, எப்படித் திறப்பது?

பதில்: கெடவில்லை. உங்களிடம் இருப்பவை ஒரே திராட்சையை முதன்மையாக வைத்து, இரண்டு வேறு முறைகளில் செய்த ஒயின்கள். அந்தத் திராட்சையின் பெயர் மோஸாக். பிரான்ஸின் தெற்கே, கார்கசோனுக்குத் தெற்கே ஓத் ஆற்றங்கரையில் இருக்கும் லிமூவும், துலூஸுக்கு வடகிழக்கே இருக்கும் கயாக்கும்தான் அதன் சொந்த மண். இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு படிந்தது போல இருப்பதால் லிமூக்காரர்கள் இதை ‘வெண்மையானவள்’ என்ற பொருளில் பிளாங்கெட் என்றார்கள். ஒயினுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இனி லேபிளைப் பாருங்கள். இனித்த பாட்டிலில் பிளாங்கெட் என்பதோடு ‘மெத்தோட் ஆன்செஸ்த்ரால்’ என்று இருக்கும். ‘முன்னோர் முறை’ என்று பொருள். அது கண்ணில் படாவிட்டால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 6 அல்லது 7 சதவீதம் என்றால் முன்னோர் முறை, 12-ஐ ஒட்டி இருந்தால் மற்றது. கடையில் நின்று வாங்கும்போது இந்த ஓர் எண்ணே போதும்.

முன்னோர் முறையில் மோஸாக் மட்டும்தான், வேறு திராட்சை சேராது. சாறு நொதித்து ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதத்தைத் தொடும்போது குளிரவைத்து, வடிகட்டி, நொதித்தலை நிறுத்துகிறார்கள். சாற்றிலிருந்த சர்க்கரையில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். அதை வசந்த காலத் தொடக்கத்தில் பாட்டிலில் அடைக்கிறார்கள். வெயில் ஏற ஏற, மிஞ்சிய ஈஸ்ட் விழித்துக்கொண்டு மூடிய பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்கும். வெளியேற வழியில்லாத கரியமில வாயுதான் நுரை. ஆல்கஹால் ஒரு சதவீதம் கூட லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை செலவாகிறது. 4 கிராம் சர்க்கரை சுமார் 1 பார் அழுத்தம் தரும் என்பதால், ஒரு சதவீத உயர்வே நல்ல நுரைக்குப் போதும். இத்தனை சர்க்கரை இருந்தும் ஈஸ்ட் ஏன் நடுவில் நின்றுவிடுகிறது? வடிகட்டும்போது ஈஸ்ட்டும் அதற்கு உணவான நைட்ரஜன் சத்தும் பெருமளவு போய்விடுகின்றன. அழுத்தமும் சேர்ந்து அதை அடக்குகிறது. நீங்கள் பார்த்த மண்டி அந்த ஈஸ்ட்டின் மிச்சம். சில பண்ணைகள் அதை நீக்கியே விற்கின்றன, சில நீக்குவதில்லை. குடித்தால் ஒன்றும் செய்யாது.

மற்றொன்று, வெறும் ‘பிளாங்கெட் தெ லிமூ’. இதில் மோஸாக் குறைந்தது 90 சதவீதம். மீதி ஷார்டனே, ஷெனின் என்ற வேறு திராட்சைகள். முதலில் இனிப்பற்ற சாதா ஒயினாக முழுக்க நொதிக்கவிட்டு, பிறகு சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலில் இரண்டாம் முறை நொதிக்கவைக்கிறார்கள். ஷாம்பெயின் செய்யும் அதே வழி. ஈஸ்ட் மண்டியோடு குறைந்தது 9 மாதம் கிடந்த பிறகே மண்டியை வெளியேற்றி, கார்க் போடுகிறார்கள். ஆகவே இது தெளிவாகத்தான் இருக்க வேண்டும். இதில் கலங்கல் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

இந்த வகையிலும் இனிப்பு மாறும். லேபிளில் ‘ப்ரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை. ‘தெமி-செக்’ என்றால் 32 முதல் 50 கிராம். ‘செக்’ என்ற சொல்லுக்கு இனிப்பற்றது என்று பொருள், ஆனால் நுரைக்கும் ஒயினில் அது 17 முதல் 32 கிராமைக் குறிக்கும். பலர் ஏமாறும் இடம் இது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் முன்னோர் முறை பாட்டிலை ஆல்கஹால் குறைவு என்று நம்பித் தராதீர்கள். லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை உள்ள ஒயினில் 125 மில்லி கிளாஸ் ஒன்றுக்கு 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது.

கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? மோஸாக்கில் இது கொஞ்சம் தந்திரமானது, ஏனென்றால் அதன் இயல்பான மணமே ஆப்பிள் தோல்தான். காற்றுப் பட்டுக் கெட்ட ஒயினும் ஆப்பிள் மணம்தான் வீசும். வித்தியாசம் இதுதான்: நல்ல மோஸாக்கில் இப்போது சீவிய பச்சை ஆப்பிள் தோலின் வாசனை, கூடவே கொஞ்சம் பேரிக்காய். கெட்டதில் நறுக்கி மேசையில் வைத்து மறந்துபோன, பழுப்பேறிய ஆப்பிள். ஒயினின் நிறமும் வெளிர் மஞ்சளிலிருந்து தேநீர்ப் பழுப்பை நோக்கிப் போயிருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கின் குற்றம், கடையில் மாற்றித் தரச் சொல்லலாம். நிறமற்ற கண்ணாடி பாட்டிலை வெளிச்சத்தில் வைத்திருந்தால் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை அடிக்கும்.

மிச்ச பாட்டில்களை 10 முதல் 14 டிகிரியில், இருட்டில் வையுங்கள். முன்னோர் முறை பாட்டில்தான் அதிகக் கவனம் கேட்கும். உள்ளே சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் இருப்பதால், கோடையில் கார் டிக்கியிலோ அடுப்பருகிலோ கிடந்தால் மீண்டும் நொதிக்கத் தொடங்கி அழுத்தம் ஏறலாம். கார்க் மேலே தள்ளிக்கொண்டு நின்றால் அதுதான் அறிகுறி. அந்த பாட்டிலைக் குலுக்காமல், நன்றாகக் குளிரவைத்த பிறகே தொடுங்கள். வருடக்கணக்கில் சேமிக்கவும் வேண்டாம். முன்னோர் முறையை ஒரு வருடத்துக்குள்ளும், ப்ரூட்டை இரண்டு மூன்று வருடத்துக்குள்ளும் குடித்துவிடுங்கள். மோஸாக்கின் அழகு அந்தப் பச்சை வாசனையில்தான் இருக்கிறது, அது போனபின் அந்த இடத்தை நிரப்ப அதனிடம் பெரிதாக எதுவும் இல்லை.

திறப்பதற்கு முந்தைய நாளே பாட்டிலை ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். மண்டி அடியில் இறங்கிவிடும், குளிர்ச்சியும் 6 முதல் 8 டிகிரிக்கு வந்துவிடும். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்த வாளியில் அரை மணி நேரம். வெறும் ஐஸ் பாட்டிலை முழுதாகத் தொடாது, தண்ணீர்தான் குளிரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பாட்டில் வெடிக்கும்.

கம்பி வளையத்தை ஆறு அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். அந்த நொடியிலிருந்து கட்டை விரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கத்தைப் பிடித்து பாட்டிலைத் திருப்புங்கள். கார்க் தள்ளத் தொடங்கும்போது நீங்கள் எதிர்த்து அழுத்த வேண்டும். ‘உஸ்’ என்று மெல்லிய சத்தத்தோடு வந்தால் சரியாகத் திறந்தீர்கள். பொங்கி வழிந்தால் சூடு, குலுக்கல், மண்டி கிளம்பியது ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். மண்டியுள்ள பாட்டிலை ஒவ்வொரு கிளாஸுக்கும் நிமிர்த்தாமல், சாய்த்தபடியே எல்லோருக்கும் ஊற்றிவிடுங்கள். கடைசி இரண்டு விரற்கடை கலங்கலாக வரும், பிடித்தவர் குடிக்கலாம். நுரையே எழவில்லை என்றால் ஒயினைக் குறை சொல்லும் முன் கிளாஸைப் பாருங்கள். சோப்புப் படலம் நுரையைக் கொன்றுவிடும். வெந்நீரில் அலசி, துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.

தொட்டுக்கொள்ள, ப்ரூட்டுக்கு சிப்பியும் வறுத்த மீனும் நன்றாகப் பொருந்தும். முன்னோர் முறைக்கு ஆப்பிள் டார்ட். லிமூவில் ‘பெப்ரதூ’ என்று மிளகு போட்ட பிஸ்கட் ஒன்று உண்டு, பிளாங்கெட்டோடு அதையும் வைப்பார்கள். நம் வீட்டுக் காரமான வறுவலுக்கும் இனிப்புப் பாட்டிலையே எடுங்கள். ஆல்கஹால் ஏற ஏற மிளகாய் எரிச்சல் கூடும், இனிப்பு அதைத் தணிக்கும்.