ஒரு மரபணுவுக்கு ஓர் ஆயுள்

வணக்கம் சார்,

புற்றுநோய் மரபணுக்களை ஆராய்ந்த ஹெரால்டு வார்மஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். படித்ததும் கொஞ்சம் கோபம்தான் வந்தது. என் மகள் மூலக்கூறு உயிரியலில் பிஎச்.டி. செய்கிறாள். ஒரு மரபணு எப்போது வேலை செய்கிறது, எப்போது சும்மா இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சியாம். மூன்று வருடமாக அதே ஒரு மரபணு. கோயில் திருவிழாவில் பார்க்கிற சொந்தக்காரர்கள் எல்லாம், "நல்லா படிச்ச பிள்ளை, டாக்டருக்குப் படிக்க வச்சிருக்கலாமே" என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் பெரியம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வாய்ப் புற்றுநோயில் போய்விட்டார். அம்மா இன்றைக்கும் வெற்றிலை போடுகிறார். இத்தனை நோபல் பரிசு கொடுத்தும் பெரியம்மாவுக்கு ஒன்றும் நடக்கவில்லையே? ஆயுள் முழுக்க ஒரு மரபணுவைப் பார்த்து யாருக்கு என்ன லாபம்? இங்கே திரும்பி வந்தால் வேலையாவது கிடைக்குமா?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள சகோதரிக்கு,

கோபப்பட உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு கோபங்கள் கலந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து மகள் தலையில் இறக்கிவிட்டீர்கள்.

முதலில் ஆராய்ச்சியைப் பார்ப்போம். வார்மஸ் முதலில் படித்தது ஆங்கில இலக்கியம். அப்புறம்தான் மருத்துவம். மாணவராக இருந்தபோது வட இந்தியாவில் பரேலி நகரத்து மிஷன் மருத்துவமனையில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறார். அவருடைய அம்மாவும் பின்னால் மார்புப் புற்றுநோயில் இறந்தார். ஆனால் அவர் முதலில் கையிலெடுத்தது புற்றுநோயை இல்லை, குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கிற மரபணுக்களை அது தேவைப்படும்போது மட்டும் எப்படி இயக்குகிறது என்பது கேள்வி. பாரிஸில் ஜேக்கப், மோனோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1961ல் திறந்துவிட்ட கேள்வி அது. திருவிழாவில் உங்கள் சொந்தக்காரர்கள் அவர் அம்மாவைப் பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1970ல் சான் பிரான்சிஸ்கோ போய் மைக்கேல் பிஷப் என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்தார். அங்கே எடுத்தது கோழி வைரஸ். 1911ல் நியூயார்க்கில் பெய்ட்டன் ரௌஸ் என்பவர் ஒரு கோழிக்கு வந்த கட்டியை அரைத்து, செல் ஒன்றுகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை இன்னொரு கோழிக்கு ஏற்றினார். அதற்கும் கட்டி வந்தது. ரொம்ப காலம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோபல் பரிசு 1966ல் வந்தபோது அவருக்கு வயது 87. கட்டியை உண்டாக்குவது அந்த வைரஸில் இருக்கும் 'சார்க்' என்ற ஒரே மரபணு என்று பின்னால் தெரிந்தது. வைரஸுக்கு அது எங்கிருந்து கிடைத்தது? பிஷப்பும் வார்மஸும் கூட்டாளிகளும் நோயே இல்லாத கோழி, காடை, வாத்து, ஈமு என்று தேடிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. 1976ல் எழுதினார்கள். வைரஸ் கொண்டுவந்த சரக்கு இல்லை அது, கோழியிடமிருந்தே வைரஸ் எடுத்துக்கொண்டது. நம் உடம்பிலும் அது இருக்கிறது, ஒழுங்காக வேலை செய்துகொண்டு. 1989ல் இருவருக்கும் நோபல்.

அப்படியானால் ஒழுங்காக இருந்தது ஏன் கெடுகிறது? மரபணு என்பது ரசாயன எழுத்துகளால் ஆன ஒரு வாசகம் மாதிரி, சில சமயம் அதில் ஓர் எழுத்து மாறினாலே போதும். சில சமயம் மரபணு பெரிதாகக் கெடுவதில்லை, அதை இயக்கும் ஏற்பாடுதான் கெடுகிறது. உங்கள் மகளின் வேலை இங்கேதான் வருகிறது. உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வரும் ஒருவகைக் கட்டியைப் பற்றி 1958ல் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். அதில் என்ன நடக்கிறது என்று 1982ல் தெரிந்தது. மரபணுக்கள் வரிசையாக இருக்கும் இழைதான் குரோமோசோம். எட்டாவது குரோமோசோமில் இருக்க வேண்டிய 'மிக்' மரபணு பிய்ந்து பதினான்காவதில் போய் ஒட்டிக்கொள்கிறது, அதுவும் எதிர்ப்பொருள் தயாரிக்கும் மரபணுவுக்குப் பக்கத்தில். அந்த இடம் எதிர்ப்பொருள் தயாரிக்கும் வகை ரத்த செல்களில் ஓய்வே இல்லாமல் இயங்குவது. கூப்பிட்டால் மட்டும் வேலைக்கு வருகிற ஆளை, நாள் முழுக்கப் பெரட்டு மணி (தோட்டத்தில் விடியலில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் மணி) அடிக்கும் டிவிஷனுக்கு மாற்றிவிட்டது போல. 'மிக்' செல்லைப் பெருகு பெருகு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மணியை யார் அடிக்கிறார்கள், எங்கே நின்று அடிக்கிறார்கள் என்றுதான் உங்கள் மகள் மூன்று வருடமாகத் தேடுகிறாள். மனிதருக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. ஒன்றுக்கு மூன்று வருடம் அதிகமில்லை.

அவள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? செல்களைக் குடுவையில் வளர்ப்பார்கள். அவை மிதக்கும் தீனி இளஞ்சிவப்பாக இருக்கும். செல்கள் தின்று கழிவு விட விட அது மஞ்சளாகும். மஞ்சளானால் மாற்ற வேண்டும், தீபாவளியாக இருந்தாலும். ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால் தண்ணீர் கலங்கியிருக்கும், பாக்டீரியா புகுந்துவிட்டது என்று அர்த்தம். அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த முறை வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்கள் எதிரிலேயே இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

லாபம் என்ன என்றீர்கள். சார்க் என்ன செய்கிறது என்று தோண்டியதில் டைரோசின் கைனேஸ் என்ற நொதிக் குடும்பமே வெளியே வந்தது. செல்லுக்குள் மற்ற புரதங்களை முடுக்கிவிடும் புரதங்கள் அவை. ஒருவகை ரத்தப் புற்றுநோயில் ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் துண்டு மாற்றிக்கொள்கின்றன என்று 1973ல் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார். (குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தவர். அம்மா காகித பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம்.) அந்த மாற்றத்தில் கட்டவிழ்வதும் அதே குடும்பத்து நொதிதான். அதை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001ல் வந்தது. இன்று அந்த நோய்க்காரர்களில் பெரும்பாலோர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ரௌஸின் கோழிக்கும் மாத்திரைக்கும் இடையே 90 ஆண்டுகள். 1911ல் உட்கார்ந்து யாரும் இப்படித் திட்டம் போட்டிருக்க முடியாது.

எல்லாம் இப்படி முடியும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். பி53 என்ற மரபணுவை 1979லிருந்து தெரியும். மனிதப் புற்றுநோய்களில் கிட்டத்தட்டப் பாதியில் அது கெட்டிருக்கிறது, வாய்ப் புற்றிலும்தான். அதைச் சரிசெய்ய ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்க இன்றைக்கும் மாத்திரை இல்லை. அதற்காக அதோடு நாற்பது வருடம் மாரடித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி பெரியம்மா. அந்தக் கோபம் வேறு வாசலுக்குப் போக வேண்டியது. நானும் பேராக் தோட்டத்து ஆள்தான். பசியாறாமல் இருட்டோடு பெரட்டுக்கு ஓடும் பெண்களுக்கு வெற்றிலையும் பாக்கும்தான் துணை. கன்னத்தில் அதக்கியபடியே தூங்குகிறவர்களும் உண்டு. வாய்ப்புண் என்று போனால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஊதா மருந்தைத் தடவி அனுப்புவார். புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985லேயே சொன்னது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதும் என்று 2004ல் சொன்னது. "நான் போயிலை போடறதில்ல" என்று சொல்லும் அம்மாக்களுக்கு அந்த இரண்டாவது செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கு மரபணு தெரிய வேண்டியதில்லை. திருவனந்தபுரம் பக்கம் 1996ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி கொடுத்த பட்டதாரிகள், மருத்துவர்கள்கூட இல்லை, வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2005ல் முடிவு வந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரியம்மாவின் வாயையும் யாராவது ஒரு டார்ச் லைட் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது நிர்வாகம், நாம், எல்லோரும். சார்க்கைத் தேடியவர்கள் மேல் அந்தப் பழி விழாது.

வேலை விஷயம்: பல்கலைக்கழகங்கள் உண்டு, சுபாங் ஜெயாவில் கேன்சர் ரிசர்ச் மலேசியா உண்டு. அங்கே வாய்ப் புற்றுநோயையும் ஆராய்கிறார்கள். இடங்கள் குறைவுதான். சில வருடம் வெளியிலேயே இருக்க வேண்டி வரலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அம்மாவை இந்த வாரமே அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் உண்டா, வாய் முன்பு போலத் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெற்றிலையை விடச் சொன்னால் சண்டைக்கு வருவார். அதைப் பேத்தியே பேசட்டும்.