லாலான் புல்லும் இடுப்பு பெல்ட்டும்: போர்க்கள மருத்துவம், கேள்வி-பதில்

கே: போர்க்கள மருத்துவத்தில் நம்ம கோலாலம்பூருக்கு ஏதாவது பங்கு உண்டா, டாக்டர்? (செந்தூல்)

நிச்சயமாக உண்டு, ஆனால் இங்கேயே பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் பர்மா காடுகளில் படைகளைப் படுத்தியெடுத்தது ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல். லாலான் புல்லிலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணிக்குஞ்சு கடித்து வருவது. அப்போது அதற்கு மருந்தே இல்லை. 1948இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு கோலாலம்பூருக்கு வந்து, நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரோடு சேர்ந்து நோயாளிகளுக்குக் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கியது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் டைபாய்டு நோயாளிகளும் இருந்தார்கள். அவர்களும் தேறவே, டைபாய்டுக்கும் வழி பிறந்தது!

இன்று பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறோம். தோட்டத்துக்கோ காட்டுக்கோ போய்வந்த பிறகு காய்ச்சல் என்றால் அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டைக்குக் கீழே பாருங்கள். சிகரெட் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால்தான் நோயாளி சொல்வதில்லை.

கே: மாஸ்க் புகழ் வூ லியன் தே ராணுவ மருத்துவரா? (பட்டர்வொர்த்)

பினாங்கில் 1879இல் பிறந்தவர். தியான்ஜினில் ராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநராக இருந்தபோதுதான், 1910 குளிர்காலத்தில் மஞ்சூரியாவின் பிளேக்கை அடக்க அனுப்பப்பட்டார். வூ வற்புறுத்திய மாஸ்க்கைப் போட மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதே நோயில் இறந்தார்.

கே: விபத்தில் கால் கிழிந்து ரத்தம் கொட்டினால் பெல்ட்டால் கட்டலாமா? கட்டினால் கால் போய்விடும் என்கிறார்களே? (பிரிக்பீல்ட்ஸ்)

அந்தப் பயத்தில்தான் பல ஆண்டுகள் டூர்னிக்கெட்டை, அதாவது ரத்தத்தை நிறுத்தக் கை காலை இறுக்கிக் கட்டும் பட்டையை, கடைசி வழி என்று ஒதுக்கினார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் அதை மாற்றின. ரத்த இழப்பால் ரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலைக்குப் போகுமுன் கட்டப்பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அவிழ்த்தால் அதனால் கால் போவது அரிது.

முதலில் துணியை வைத்துப் பலமாக அழுத்துங்கள். 999ஐ அழையுங்கள். அடங்காமல் பீறிட்டால், காயத்துக்கு நான்கு விரல் மேலே, முழங்கால் போன்ற மூட்டின்மேல் படாமல் டூர்னிக்கெட்டைக் கட்டி, நேரத்தை எழுதி வையுங்கள். மருத்துவமனை வரை தளர்த்தக் கூடாது. வெறும் பெல்ட் போதிய அளவு இறுகாது. அரைகுறையாக இறுகினால் ரத்தம் கூடுதலாகத்தான் போகும்.

கே: தாத்தா சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. அங்கே காலராவுக்கு என்ன செய்தார்கள்? (கிள்ளான்)

போரின்போது ஜப்பானியர் போர்க்கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துச் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கி.மீ. பாதை அது. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது, போர்க்கைதி முகாம்களில் மருத்துவர்கள் தண்ணீரைக் காய்ச்சி வடித்து, உப்பு சேர்த்து, மூங்கில் துண்டையே ஊசியாக்கி நரம்பில் ஏற்றினார்கள். அதில் பலர் பிழைத்தார்கள். நம் தமிழ்த் தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் மருத்துவரே கிடையாது. உப்பு நீருக்குக்கூட ஆளில்லாமல் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

கே: இனி ரோபோதான் சிப்பாய்க்கு அறுவை செய்யுமா? (செராஸ்)

தூரத்திலிருந்து மருத்துவர் இயக்கும் ரோபோவின் சிக்னலை எதிரி முடக்கிவிட்டால் அது என்ன செய்யும்? உக்ரைனில் ஏவுகணை, டிரோன் பயத்தால் ஹெலிகாப்டர் காயம்பட்டவரை எடுக்க வர முடிவதில்லை. பல மணி நேரம் பதுங்குகுழியிலேயே உயிரைக் காக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இப்போது கூறு பிரிக்காத முழு ரத்தத்தையும், நீர் கலந்தால் சில நிமிடங்களில் ஏற்றக்கூடிய உலர் பிளாஸ்மாவையும் (ரத்தத்தின் திரவப் பகுதியை உலர்த்திய பொடி) முன்வரிசைக்குக் கொண்டுபோவதில்தான் அக்கறை. இரண்டும் இரண்டாம் உலகப் போரிலேயே இருந்தவை.