‘வேர்’ போடாமல் ‘அப்டேட்’ கொடுத்துவிட்டேன்!

(கணினித் துறையில் வேலை பார்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, பெங்களூருவில் 19 வருடம் டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்கே திரும்பிவிட்ட நம் பகுதியாளர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, எனக்குக் காவேரிப்பட்டினம். பெங்களூருவில் சப்போர்ட் வேலைக்குச் சேர்ந்து 2 வருடம் ஆகிறது. போன மாதம் ராத்திரி 11 மணிக்கு ஒரு வாடிக்கையாளரின் முகவரியை மாற்றப் போய், எந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) நிபந்தனை போடாமல் அப்டேட் கொடுத்துவிட்டேன். டேபிளில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே முகவரி ஆகிவிட்டது. பயத்தில் ஒன்றரை மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டார்கள். ஆனாலும் வாடிக்கையாளர்களின் உண்மையான தகவல் இருக்கும் லைவ் சர்வரைத் திறந்தாலே கை நடுங்குகிறது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா?

பதில்: தம்பி, அப்டேட் தப்பாகப் போனதைவிட நீங்கள் பேசாமல் இருந்த அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கவலை. அதற்குள் புது ஆர்டர்கள் வந்திருக்கும், தவறான முகவரியில் பில் அடித்திருக்கும். அதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் சரிபார்த்திருப்பார். இனி இப்படி நடந்தால் 5 நிமிடத்துக்குள் குழுவுக்கு ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: எந்த சர்வர், எந்த டேபிள், எத்தனை மணிக்கு, என்ன கட்டளை. விளக்கமெல்லாம் அப்புறம்.

லாயக்கு பற்றிக் கேட்டீர்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளையே அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால் அங்கே எதுவும் இல்லை. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் அது ஓடவே இல்லை. தோல்வி என்று போன மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு காரணத்துக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஒரு நகலால் தப்பித்தார்கள். நடந்ததை முழுவதும் வெளிப்படையாக எழுதினார்கள், அந்தப் பொறியாளரின் பெயரைச் சொல்லாமல்.

எனக்கும் நடந்திருக்கிறது. ஊருக்கு வந்த புதிதில், இந்தப் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றில் எடைமேடைக் கணினியைப் பார்த்துக்கொண்டேன். ஜூலை மாதம், பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். ராத்திரியெல்லாம் டிராக்டரும் டெம்போவும் வரிசையில் நிற்கும். ஒரு நாள் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. தினமும் பென் டிரைவில் பேக்கப் விழ நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன், அதனால் தைரியமாகப் போனேன். திறந்து பார்த்தால் கடைசி 3 நாள் கோப்புகளும் பூஜ்யம் பைட். பென் டிரைவ் நிறைந்து போயிருக்கிறது. கோப்பு உருவாகியிருக்கிறது, உள்ளே ஒன்றும் ஏறவில்லை. பெயரையும் தேதியையும் பார்த்தேனே தவிர ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

ஆலையிடம் இருந்த கார்பன் நகல்களில் பாதி மழையில் நனைந்து எழுத்து கலைந்திருந்தது. விவசாயிகளைச் சீட்டோடு வரச் சொன்னோம். பர்கூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வேட்டி மடியிலிருந்து எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். லோடு எடை, காலி எடை இரண்டும் தெளிவாக இருந்தன. அவருடைய ஒரு வருட உழைப்புக்கான பணம் அந்தத் துண்டுச்சீட்டை நம்பி இருந்தது. 2 ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தேன். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, கடைசி பதிவு தெரிகிறதா என்று பார்க்காமல் இருந்ததில்லை.

சரி, உங்கள் கை நடுக்கத்துக்கு வருகிறேன். அப்டேட்டுக்கு முன்னால் அதே ‘வேர்’ நிபந்தனையோடு செலக்ட் கொடுத்து எத்தனை வரிசை வருகிறது என்று பாருங்கள். ஒன்று வர வேண்டிய இடத்தில் நாற்பதாயிரம் வந்தால் அங்கேயே நின்றுவிடலாம். பிறகு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி அப்டேட் கொடுத்து, எண்ணிக்கை பொருந்தினால்தான் கமிட் (மாற்றத்தை உறுதி செய்வது), இல்லையென்றால் ரோல்பேக் (பழையபடி திருப்புவது). தொடங்காமல் கொடுத்தால் பெரும்பாலும் உடனே கமிட் ஆகிவிடும். மைஎஸ்க்யூஎல் (MySQL) என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ‘சேஃப் அப்டேட்ஸ்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ‘வேர்’ இல்லாத அப்டேட்டை அது மறுத்துவிடும். இன்றே போடுங்கள். ஆனால் அதே மைஎஸ்க்யூஎல்லில் டேபிளையே அழிக்கும் ‘டிராப் டேபிள்’ கொடுத்துவிட்டு ரோல்பேக்கை நம்பாதீர்கள், அது திரும்பாது. லைவ் சர்வரின் திரைக்குச் சிவப்புப் பின்னணி வையுங்கள். ராத்திரி 11 மணிக்குத் தனியாகக் கை வைக்காதீர்கள். முகவரி மாற்றம் காலை வரை காத்திருக்கும்.

கேள்வி: பர்கூரில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். ஏஐ நிரல் எழுதித் தருகிறதே, நான் எதைக் கற்றுக்கொள்வது?

பதில்: படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் கண்ணு. அது தரும் நிரலில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று பக்கத்து இருக்கைத் தோழிக்குச் சொல்ல முடிந்தால் மட்டும் அதை உங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரல் ஓடும்போது நடப்பதைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பைத் திறந்து, முதல் பிழை எந்த நேரத்தில் வந்தது என்று தேடிப் பழகுங்கள். கடைசியில் தெரியும் பிழை பெரும்பாலும் விளைவுதான். வேலைக்குப் போன பிறகு, வாடிக்கையாளர் விவரத்தையோ கடவுச்சொல்லையோ ஏஐயிடம் ஒட்டவே கூடாது.

கேள்வி: ஊத்தங்கரையில் விவசாயம் செய்கிறேன். மகன் வீட்டுக்கு வந்தாலும் லேப்டாப்பும் கையுமாக இருக்கிறான். நடுராத்திரி போன் வருகிறது. எப்போதும் இப்படித்தானா?

பதில்: இல்லைங்க ஐயா. அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது நமக்கு ராத்திரி. அந்த நேரம் ஏதாவது நின்றுபோனால் எழுந்து பார்க்க ஆள் வேண்டும். அதைக் குழுவில் வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பார்ப்பார்கள், நம்ம ஊரில் ஏரித் தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரி. “இந்த வாரம் உன் முறையா?” என்று மகனிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் பகலில் தூங்க விடுங்கள். எல்லா வாரமும் தன் முறைதான் என்றால் அது சரியில்லை; ராத்திரி வந்த அழைப்புகளை ஒரு மாதம் தேதி வாரியாக எழுதி மேலாளரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆடி 18-க்குக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போவதென்றால் ஆனி மாதமே மகனிடம் சொல்லிவிடுங்கள். முறையை மாற்றிக்கொள்ள ஆள் பிடிக்க நாள் வேண்டும்.